புதுப்பிப்பு: லயத்துக்கு மேலே வெட்டும் மலை
கேரளத்தின் தேவிகுளம் பக்கம் எங்கள் லயத்துக்கு (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) மேலே மலையை வெட்டி வீட்டுமனை போடுவதைப் பற்றி முன்பு எழுதியிருந்தேன். பஞ்சாயத்து ஆய்வுக் கூட்டம் முடிந்தது. புவியியலாளர் அறிக்கை வரும்வரை ஜேசிபி இறங்கக் கூடாதாம்.

சரி, நல்லதுதான். ஆனால் ஏற்கெனவே வெட்டிய இடம்? சரிவின் அடியை வெட்டினால் மேல்மண்ணுக்குத் தாங்கல் போய்விடும். ஓடையையும் மண் போட்டு அடைத்திருக்கிறார்கள். போக வழியில்லாத மழைத்தண்ணீர் உள்ளே இறங்கி, மண்ணின் பிடிப்பைத் தளர்த்திவிடும். தடுப்புச்சுவர் அப்புறம் இருக்கட்டும், இடவப்பாதி மழைக்கு (ஜூன் வாக்கில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழை) முன்னால் ஓடையைத் திறந்துவிடுங்கள் என்று கேட்டோம். அது தீர்மானத்தில் ஏறவில்லை. இதுதான் எனக்குப் பயம்.

2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறு பக்கம் பெட்டிமுடியில் மண் சரிந்து 70 பேரைக் கொண்டுபோனது. லயத்தில் தூங்கிக்கொண்டிருந்த தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள்.

ஓடைக்காக மனு எழுதியிருக்கிறோம். கையெழுத்துப் போடாதவர்கள் கிராமசபைக்கு வந்து போடுங்கள்.