மறு: ஸ்மார்ட் மீட்டருக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

நண்பர்களுக்கு வணக்கம்.

பயனர் கையேட்டை வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். மின் அளவைத் தானே அனுப்பும் 'ஸ்மார்ட் மீட்டர்' என்ற பெயர் வருகிற இடங்களை எல்லாம் மஞ்சள் பூசி அப்படியே வைத்திருக்கிறேன். வந்த பரிந்துரைகளைப் பற்றி என் மனத்தில் பட்டதைச் சொல்லிவிடுகிறேன்.

> திறன்பேசி நிலைத்துவிட்டது. அதே தடத்தில் திறன்மானி என்று வைத்தால் என்ன?

பேசியோடு ஒட்டும் திறன், மானியோடு ஒட்டாது. வெப்பமானி வெப்பத்தை அளக்கிறது, மழைமானி மழையை அளக்கிறது. மானிக்கு முன்னால் எது வந்தாலும் அதை அளக்கும் கருவி என்றே நம் காது எடுத்துக்கொள்ளும். இயற்பியல் பாடத்தில் திறன் என்பது வாட்டில் அளக்கிற 'பவர்'. ஆகவே திறன்மானி என்றால் மின்பணியாளர் வாட்மீட்டர் என்றுதான் படிப்பார். அதுவும் மின்கருவிதான் என்பதால் தவறு கண்ணில் படவே படாது.

'கூர்மானி' என்ற பரிந்துரைக்கு ஆதரவாக ஐயா ஒருவர் காட்டிய 'கூர்ப்பும் கழிவும் உள்ளது சிறக்கும்' என்ற தொல்காப்பிய நூற்பாவைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அதன் பொருள், ஏற்கெனவே உள்ள ஒன்று மேலும் சிறப்பது. இன்று ஸ்மார்ட் என்ற ஒட்டு செய்கிற வேலையும் அதுதானே! ஆனால் மானி இங்கேயும் விடாது. கூர்மானி கத்தியின் கூர்மையை அளக்கப் போய்விடும்.

வந்தவற்றில், கெட்டிக்காரத்தனத்தைக் குறிக்கும் 'சூட்டிகை'தான் எனக்கு மிகவும் பிடித்தது. ஸ்மார்ட் வந்த வழியை அது நினைவூட்டுகிறது. பழைய ஆங்கிலத்தில் ஸ்மார்ட் வலியைக் குறித்த வினை. காயம் எரிந்தால் இன்றும் அந்த வினையைச் சொல்வார்கள். ஜெர்மனில் வலிக்குப் பெயரான ஷ்மெர்ட்ஸ் அதன் உறவு. சுரீரென்று தைப்பது விரைவைக் குறித்து, பிறகு கூர்மதிக்குப் போய், மிடுக்கான உடைக்கும் பெயராகி, கடைசியில் கருவிகளிடம் வந்து சேர்ந்தது. நம்மிடமும் இந்த வழி உண்டு. வலியில் துடிக்கிறோம், துறுதுறுவென்று இருக்கிற பிள்ளையைத் துடிப்பான பிள்ளை என்கிறோம். சூட்டிகை என்றதும் என் காதில் சூடும் ஒலிக்கிறது. 'சுடச்சுடரும் பொன்போல்' என்ற குறளில் சுடுதலும் சுடர்தலும் பக்கத்திலேயே நிற்கின்றன. இதை எழுதும்போதே நாள் முழுக்க இதிலேயே இருந்துவிடலாம் போலிருக்கிறது. ஆனால் கையேட்டின் நான்காம் பக்கத்தில் 'மானி சூடானால் தொடாதீர்கள்' என்று ஓர் எச்சரிக்கை இருக்கிறது. அதற்கு மேலேயே சூட்டிகை மானி என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

> ஸ்மார்ட் மீட்டர் என்றே விடுங்கள். புரியாத தூய்மை யாருக்கு வேண்டும்?

சரி, அந்தப் பெயரைப் பார்த்து அது என்ன செய்கிறது என்று யாருக்காவது தெரிகிறதா? இந்தக் கருவியின் முக்கிய வேலை அளவைத் தானே அனுப்பிவிடுவதுதான். அதனால்தான் 'தானறிவி மின்மானி' என்றேன். தானே அறிந்துகொள்வது என்று பொருள்படும் என இங்கே ஓர் அம்மா மறுத்திருந்தார். அறி தன்வினை, அறிவி பிறவினை. அறிவிப்பது என்றுதான் வரும். எல்லா ஸ்மார்ட்டுக்கும் ஒரே சொல் வேண்டும் என்ற பிடிவாதத்தை விட்டால் இது நிற்கும்.

இதுவரை ஐந்து பேர் 'திறன் மின்மானி' என்கிறார்கள், மூன்று பேர் 'ஸ்மார்ட் மீட்டர்', தானறிவிக்கு நான் ஒருவன்தான். நடுவில் மின் வந்ததால் வாட்மீட்டர் குழப்பம் பாதி குறைகிறது. மீதிப் பாதி அப்படியே இருக்கிறது, அதனால் அந்தப் பெயரை நான் ஏற்கவில்லை. வியாழன் இரவுவரை வேறு யாரும் எழுதாவிட்டால் திறன் மின்மானி என்றே போட்டு, முதல் பக்கத்தில் 'அளவைத் தானே அறிவிக்கும் மின்மானி' என்று ஒரு வரி விளக்கம் சேர்த்துவிடுகிறேன்.