ஊட்டிக் குளிருக்கு எந்த மெத்தை?

கேள்வி: கோவையிலிருந்து ஊட்டிக்கு மாற்றலாகி வந்தோம், அங்கே மெத்தென்று இருந்த மெமரி ஃபோம் மெத்தை இங்கே டிசம்பர் ராத்திரியில் பலகை மாதிரி இறுகிவிடுகிறது, அம்மாவுக்கு வேறு இடுப்பு வலி. கெட்டியானதா, மென்மையானதா, எதை வாங்கலாம்?

பதில்: மெத்தை கெடவில்லை. அந்த ஃபோம் குளிரில் இறுகும், உடல் சூட்டில்தான் இளகும். படுக்கும் முன் வெந்நீர்ப் பை வைத்துப் பாருங்கள். புதிதாக வாங்குவதென்றால் லேடக்ஸ், அதாவது ரப்பர் ஃபோம் மெத்தை, குளிருக்கு அவ்வளவு மாறாது.

பதில்: இடுப்பு வலி என்றாலே ரொம்பக் கெட்டியான மெத்தை என்பது பழைய பேச்சு. 2003இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வில் நடுத்தரக் கெட்டிதான் மேல் என்று தெரிந்தது. அம்மா ஒருக்களித்துப் படுப்பவர் என்றால் தோளும் இடுப்பும் கொஞ்சம் அமுங்க வேண்டும், கடையில் அப்படியே படுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

பதில்: குன்னூரில் எங்களுக்கு ஈரம்தான் தொல்லை. சுவரை ஒட்டிப் போடாதீர்கள், வெயில் அடிக்கிற அன்று நிமிர்த்தி வையுங்கள்.