“கனடாவுக்கும் ராசாவோ?” – வந்தவர்களுக்கு விளக்கின அனுபவம்

கனடாவின் ஆங்கிலம், பிரெஞ்சு இரண்டு மொழியையும் முடியாட்சியையும் வெளியிலிருந்து வந்தவர்களுக்கு விளக்கின என்னுடைய அனுபவத்தை எழுதுகிறேன். கியூபெக் மாகாணத்து மொன்றியலில் பார்க் எக்ஸ்டென்ஷன் பக்கம் இருக்கிறோம், வந்து இருபது வருசத்துக்கு மேல். வெளியிலிருந்து யார் வந்து நின்றாலும் இரண்டு கேள்வி வராமல் இருக்காது. “இங்க எல்லாருக்கும் ரெண்டு பாஷையும் தெரியுமோ?” “உங்களுக்கு ராசா, ராணி எதுக்கு?” முன்பெல்லாம் ஒரு வரியில் சொல்லிவிட்டுத் தேத்தண்ணி ஊற்றப் போய்விடுவேன். பெரியம்மா வந்துபோன பிறகு அப்படி முடியவில்லை.

அதற்கு முதல் வந்தவள் பாரிஸ் தங்கச்சி. சித்தப்பாவின் மகள், லா ஷப்பல் பக்கம் வளர்ந்தவள். பிரெஞ்சு ஊர்தானே, எனக்கென்ன என்று வந்து இறங்கினாள். எங்கள் தெருச் சந்தியில் வாகனத்தை நிறுத்தச் சொல்லும் சிவப்புப் பலகையைக் கண்டதும் சிரித்தாள். அதில் ‘ஆரே’ என்று எழுதியிருந்தது. “அக்கா, பிரான்சிலயே நாங்கள் ‘ஸ்டொப்’ எண்டுதான் போட்டிருக்கிறம்!” கே.எஃப்.சி. கடை இங்கே பே.எஃப்.கா. ஆனதைப் படம் பிடித்து வீட்டுக்கு அனுப்பினாள்.

சனிக்கிழமை ‘டெஜுனே’க்கு வரும்படி மேல்வீட்டு அம்மா அவளைக் கூப்பிட்டிருந்தா. எழுபது தாண்டிய கியூபெக்காரி, தனி ஆள். தங்கச்சி பன்னிரண்டு மணிக்கு வெளிக்கிட்டுக் கேக்கோடு மேலே போனாள். பிரான்சில் அந்தச் சொல்லுக்கு மத்தியானச் சாப்பாடு. இங்கே அது காலைச் சாப்பாடு. அந்த அம்மா எட்டு மணியிலிருந்து மேசையில் எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு இருந்திருக்கிறா. முட்டை ஆறி, மேப்பிள் பாகு விட்டு அவித்த அவரைக்கொட்டை தட்டில் இறுகிப்போய்க் கிடந்தது. தங்கச்சிக்கு முகம் கறுத்துவிட்டது. அந்த அம்மா அவளை இருத்தி, எல்லாவற்றையும் திரும்பச் சூடாக்கிக்கொண்டே சொன்னாவாம்: “1763இல் உங்கட ராசா எங்களை இங்கிலாந்துக்காரனிட்ட எழுதிக் குடுத்திட்டுப் போயிட்டார். நாங்கள் பாஷையை மட்டும் குடுக்கேல்லை.”

அதற்குப் பிறகு தங்கச்சி இந்த ஊர்ப் பிரெஞ்சைப் பார்த்துச் சிரித்ததை நான் காணவில்லை. நான் பலருக்கும் சொல்ல நினைப்பதும் இதுதான். சுற்றிவர ஆங்கிலம் பேசும் ஒரு கண்டத்தில் இந்த மொழி தானாகத் தப்பி நிற்கவில்லை. 1977இல் கியூபெக் கொண்டுவந்த பிரெஞ்சு மொழிச் சாசனம், 101ஆம் சட்டம் என்று எல்லாரும் சொல்வது, வந்தேறியவர்களின் பிள்ளைகளைப் பிரெஞ்சுப் பள்ளிக்கு அனுப்ப வைத்தது. என்னுடைய இரண்டு பிள்ளைகளும் அந்தச் சட்டத்தால் பிரெஞ்சு படித்தவர்கள். தமக்குள் சண்டை பிடிப்பதே பிரெஞ்சில்தான்.

எல்லாருக்கும் இரண்டும் தெரியுமா என்றால், இல்லை. 2021 குடிசன மதிப்பில் ஆங்கிலம், பிரெஞ்சு இரண்டிலும் கதைக்கக்கூடியவர்கள் நாடு முழுக்க நூற்றுக்குப் பதினெட்டுப் பேர். கியூபெக்கில் மட்டும் ஏறக்குறைய 46. பத்து மாகாணங்களில் சட்டப்படி இருமொழி மாகாணம் நியூ பிரன்சுவிக் ஒன்றுதான். இரண்டு மொழி தெரிந்திருக்க வேண்டியது மத்திய அரசு. 1969இன் ஆட்சிமொழிகள் சட்டம் அந்தப் பொறுப்பை அதன் தலையில் வைத்தது. குடிமகன் ஒரு மொழியோடு இருக்கலாம். நாடாளுமன்றம், மத்திய அரசின் தலைமை அலுவலகங்கள், போதிய ஆட்கள் கேட்கிற இடங்களில் உள்ள கிளை அலுவலகங்கள் எல்லாம் அவன் கேட்கிற மொழியில் அவனுக்கு மறுமொழி சொல்ல வேண்டும்.

ராசா விசயத்தில், பிரித்தானியாவின் மன்னர்தான் எங்களுக்கும் மன்னர், அவருக்குப் பதிலாக இங்கே ஆளுநர் நாயகம் ஒருவர் இருக்கிறார் என்றதும், சென்னையிலிருந்து வந்த என் கணவரின் நண்பர் சட்டென்று பிடித்துக்கொண்டார். “நம்ம ஊர் கவர்னர் மாதிரின்னு சொல்லுங்க.” கிட்டத்தட்ட அதேதான். 1982 ஏப்ரலில் எலிசபெத் ராணி ஒட்டாவாவில் மழைக்குள் இருந்து அரசியலமைப்புப் பிரகடனத்தில் கையெழுத்து வைத்தா, அந்தத் தாளில் மழைத்துளி பட்ட அடையாளம் இன்னும் இருக்கிறது. 2025 மே மாதம் சார்ள்ஸ் மன்னர் நேரே வந்து இரண்டு மொழியிலும் சிம்மாசன உரை வாசித்தார். இவை அபூர்வம். மற்ற நாட்களில் ஆளுநர் நாயகம்தான். 2008 டிசம்பரில் நம்பிக்கை வாக்கெடுப்பில் தோற்கப்போகிற நிலையில் இருந்த பிரதமர் ஹார்ப்பர், நாடாளுமன்றத்தை ஒத்திவைக்கும்படி கேட்டு அப்போதைய ஆளுநர் நாயகம் மிஷேல் ஜோனின் வாசலுக்குப் போனார். அவ அவரை இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் இருக்க வைத்துத்தான் சம்மதம் சொன்னா. எயிற்றியிலிருந்து அகதியாக வந்த பெண். அன்று தொலைக்காட்சிக்கு முன்னால் நான் அசையாமல் இருந்தது ஞாபகம்.

2021இல் அந்தப் பதவிக்கு வடதுருவப் பக்கத்துப் பூர்வகுடியான இனுயிற் பெண் மேரி சைமன் வந்தபோது மேல்வீட்டு அம்மாவுக்குக் கடும் கோபம். சைமனுக்கு அப்போது இனுயிற் மொழியான இனுக்ரிருற்றும் ஆங்கிலமும் தெரியும், பிரெஞ்சு தெரியாது. கியூபெக்கின் வடக்கில் பிறந்தும், படித்த மத்திய அரசுப் பள்ளியில் பிரெஞ்சு படிக்கச் சந்தர்ப்பம் தரவில்லை என்று சைமன் சொன்னா. எனக்கு இரண்டு பேரின் நோவும் விளங்கியது. வருகிற ஆட்களுக்கு இதையும் ஒளிக்காமல் சொல்கிறேன். இரண்டு மொழிக்கும் முந்தின மொழிகள் இந்த மண்ணில் உண்டு.

2018இல் பெரியம்மா யாழ்ப்பாணத்திலிருந்து வந்தா. மாற்றித் தந்த காசில் ஒரு இருபது டொலர் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தா. “உவ எங்கட ராணியுமெல்லே?” ஓம், 1972 வரைக்கும் அவ இலங்கைக்கும் ராணி. நான் சந்தோசமாக விளக்கத் தொடங்கினேன். பெரியம்மா மறித்தா.

“பிள்ளை, ஐம்பத்தாறில தனிச் சிங்களச் சட்டம் வரேக்கையும் உவதானே ராணி. ஒண்டும் செய்யேல்லையே.”

பெரியப்பா கச்சேரியில், அதாவது மாவட்ட அரசாங்கக் கந்தோரில், கிளாக்கர். சிங்களம் பாஸ் பண்ணாததால் சம்பள உயர்ச்சியை நிற்பாட்டிவிட, கடைசியில் வேலையை விட்டுத் தோட்டம் செய்தவர். அந்தக் கேள்விக்கு மழுப்பிப் பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அரச முடி மந்திரிமார் சொல்கிறபடிதான் நடக்கும், அது தன்பாட்டில் யாரையும் காப்பாற்றாது என்றேன். காப்பாற்றுவது எழுதி வைத்த சட்டமும் நீதிமன்றமும். 1982 அரசியலமைப்புச் சட்டத்தின் 41ஆம் பிரிவில் முடியின் பதவியும் ஆங்கில, பிரெஞ்சு மொழிப் பாவனையும் ஒன்றாகவே இருக்கின்றன. நாடு முழுவதற்கும் அதில் கை வைக்க நாடாளுமன்றத்தோடு பத்து மாகாணச் சட்டசபைகளும் ஒன்றுவிடாமல் சம்மதிக்க வேண்டும். ஒரு தேர்தலில் வென்று வந்து அடுத்த மாதம் மாற்றிவிட முடியாது.

பெரியம்மா நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை.

அடுத்த நாள் ஊருக்குப் பொதி அனுப்பத் தபால் கந்தோருக்குப் போனோம். கவுண்டரில் இருந்த பொடியன் “போன்ஜூர், ஹாய்” என்றான். பெரியம்மா என் கையைச் சுரண்டினா. “ரெண்டிலயும் கேட்டுப் பார்.” நான் பிரெஞ்சில் விலையைக் கேட்டேன், அவன் பிரெஞ்சில் சொன்னான். பிறகு ஆங்கிலத்தில் கேட்டேன். முகம் சுளிக்காமல் அதே விலையை ஆங்கிலத்திலும் சொன்னான்.

பெரியம்மா ராணியின் படம் போட்ட முத்திரை ஒன்று தனியாக வாங்கச் சொன்னா. எதற்கென்று கேட்டேன். மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் மடியாமல் வைத்துக்கொண்டு, “பெரியப்பான்ர படத்தடியில வைக்க” என்றா.