பொருள்: ‘கனெக்‌ஷன்’ என்பதற்குத் தமிழ்ச்சொல் – வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்

முத்தியால்பேட்டை எழுதியது:

குழுவினருக்கு வணக்கம். புதுவை பாலிடெக்னிக் இறுதியாண்டு மாணவர்களுக்கான வேலைவாய்ப்புக் கையேட்டில் வேலை தொடர்பான சமூக வலைத்தளமான லிங்க்ட்இன் பற்றி ஒரு பகுதி வருகிறது. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். ‘ஃபாலோயர்’ என்பதற்குப் ‘பின்தொடர்பவர்’ நிலைத்துவிட்டது, ‘கனெக்‌ஷன்’தான் இடிக்கிறது. ஒருவர் கேட்டு, மற்றவர் ஏற்ற பிறகு உண்டாகும் இருவழி உறவு அது. அந்த உறவுக்கும் அந்த ஆளுக்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல். ‘இணைப்பு’ என்று போட்டால் அதே பக்கத்திலுள்ள மின்னஞ்சல் இணைப்போடும் இணைய இணைப்போடும் குழம்புகிறது. ‘இணையர்’ என்றால் கணவன் மனைவி ஆகிவிடும்.

மஞ்சக்குப்பம் எழுதியது:

கூடல் இருக்கிறதே! ஆறுகள் கூடுமிடம் கூடலூர், அதுவே கடலூர் ஆனது என்பார்கள். தனித்தனியே வந்த நீர் ஓரிடத்தில் சேர்வதுபோல ஒரு துறையினர் சேர்வது தொழிற்கூடல். மதுரைக்கும் கூடல் என்ற பெயர் உண்டு.

> முத்தியால்பேட்டை: மாணவர்கள் ‘தொழிற்கூடம்’ என்றே படிப்பார்கள் ஐயா. ஊடலும் கூடலும் படித்தவர்களுக்கு வேறு பொருள் தோன்றும்.

காலாப்பட்டு எழுதியது:

வேரிலிருந்து வருவோம். நள்ளுதல் என்றால் நெருங்குதல், சேர்தல். அதிலிருந்தே நட்பு, நண்பு, நட்டார். ‘நள்ளார்’ என்று ஆக்கலாம் என்றால் இலக்கியத்தில் அது எதிர்மறையாகிப் பகைவரைக் குறிக்கிறது. ஆகவே உறவினர், நண்பர் என்று பொருள்படும் கேள் என்னும் சொல்லுக்குப் போகலாம்: உறவு கேண்மை, ஆள் கேள், பலர் கேளிர். அத்துடன், லகரம் மொழிமுதலில் வாராது. ‘இலிங்டின்’ என்று எழுதுவதே முறை. இலாசுப்பேட்டை என்று எழுதும் ஊர்தானே நம்முடையது?

> மஞ்சக்குப்பம்: பேருந்துப் பலகையில் லாஸ்பேட்டை என்றுதான் தேடுவார்கள் ஐயா. நிறுவனப் பெயரை விட்டுவிடுவோம்.

நெல்லித்தோப்பு எழுதியது:

ஏற்கும் பொத்தானை அமுக்கியதும் என்ன நடக்கிறது என்று முதலில் பாருங்கள்; சொல் அதற்குப் பொருந்த வேண்டும். அமைப்புகளில் எதையும் மாற்றாதிருந்தால் நம் மின்னஞ்சல் முகவரி அவருக்குத் தெரியும். நாம் யார் யாரோடு சேர்ந்திருக்கிறோம் என்ற பட்டியலையும் புரட்டலாம். மேலாளர் யார், கணக்குப் பிரிவில் யார் என்று அதிலேயே எழுதியிருக்கும். ‘அவசரம், இந்தக் கணக்கில் பணம் போடு’ என்று மேலாளர் பெயரில் பொய் அஞ்சல் விடுகிறவனுக்கு அதுவே போதும். நாம் ஏற்றதைப் பார்த்து அடுத்த மேசைக்காரரும் அவனை ஏற்பார். அந்தப் பட்டியலை மறைக்கத் தனி அமைப்பு உண்டு. கையேட்டில் அது கட்டாயம் வர வேண்டும்.

அலுவலகக் கணக்குக்கும் இதற்கும் ஒரே கடவுச்சொல் வைக்கக்கூடாது. 2012இல் லிங்க்ட்இன் கடவுச்சொற்களே திருடு போயின. 11 கோடிக்கு மேற்பட்ட கணக்குகள் என்பது 2016இல்தான் வெளியே தெரிந்தது.

வெளிநாட்டு வேலை, விசிட் விசா, முன்பணம் மூன்றும் ஒரே செய்தியில் வந்தால் விலக வேண்டியதுதான். 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி ஆளெடுக்கும் முகவர் பதிவு பெற்றிருக்க வேண்டும். பணம் போய்விட்டால் உடனே இணையக் குற்ற உதவி எண்ணான 1930க்கு அழைக்க வேண்டும். இத்தனைக்கும் கதவு திறக்கும் ஒன்றுக்குக் கேண்மை என்று பெயர் வைத்தால் அந்தச் சொல்லே நம்பிக்கையை ஊட்டிவிடும். நட்பும் வேண்டாம், கேண்மையும் வேண்டாம். ‘தொடர்பு’ போதும்.

காலாப்பட்டு எழுதியது:

மறுக்கிறேன். குறளில் நட்பு 79ஆம் அதிகாரம்; அடுத்ததே நட்பாராய்தல். 82 தீ நட்பு, 83 கூடா நட்பு. ஆராய்ந்து ஏற்பது தமிழில் நட்பின் பொருளுக்குள்ளேயே இருக்கிறது. ‘தொடர்பாளர்’ என்றால் செய்தித் தொடர்பாளர், மக்கள் தொடர்பாளர் என்று எங்கேயோ போய்விடும்.

மஞ்சக்குப்பம் எழுதியது:

கூடலை விட்டுக்கொடுக்கிறேன், தொடர்புக்கு என் வாக்கு. சிப்காட் தொழிற்பேட்டை வேதி ஆலைகளுக்குப் போகும் பிள்ளைகளுக்கு ஒரு பத்தி சேருங்கள்: கட்டுப்பாட்டு அறைத் திரைக்கு முன் நின்று படம் எடுத்துப் போடக்கூடாது. வெப்பநிலை, அழுத்த அளவுகள் திரையில் தெரியும். கழுத்து அட்டையின் பட்டைக்குறியும் தெரியும். படம் எடுக்கவே தடையுள்ள இடமென்றால் வேலைக்கே ஆபத்து.

நெல்லித்தோப்பு எழுதியது:

வேலை தேடும்போது, தேடுகிறோம் என்று காட்டும் பச்சை வளையத்தை நம் படத்தைச் சுற்றிப் போட்டால் இப்போதைய மேலாளரும் பார்ப்பார். ஆளெடுப்பவருக்கு மட்டும் காட்டும் வழி உண்டு. நம் நிறுவனத்தின் ஆளெடுப்பாளருக்குத் தெரியாமல் தடுக்க லிங்க்ட்இன்காரர்கள் முயல்வார்கள், முழு உறுதி தருவதில்லை. சுயவிவரத்தைத் திருத்துமுன் ‘மாற்றங்களை அறிவி’ என்பதை அணைக்க வேண்டும். ஒரே நாளில் பல மாற்றம் தெரிந்தால் அலுவலகம் புரிந்துகொள்ளும்.

மேலாளருக்குத் தொடர்பு வேண்டுகோள் ஒருமுறை அனுப்பலாம், யார் என்பதை இரண்டு வரியில் எழுதி. ஏற்கவில்லையென்றால் நேரில் கேட்கக்கூடாது. அனுப்பியதைத் திரும்பப் பெற்றால் அவருக்கே மறுபடி அனுப்ப மூன்று வாரம் வரை ஆகும்.

முத்தியால்பேட்டை எழுதியது:

நேரமில்லை. உறவுக்குத் ‘தொடர்பு’, ஆளுக்குத் ‘தொடர்பில் உள்ளவர்’. திரையில் மாணவர் பார்ப்பது ஆங்கிலச் சொல் என்பதால் முதல் இடத்தில் மட்டும் ‘கனெக்‌ஷன்’ என்பதையும் சேர்க்கிறேன். மூவர் ஆதரவு.

காலாப்பட்டு எழுதியது:

‘தொடர்பில் உள்ளவர்’ சொல் அன்று, சொற்றொடர். அட்டவணைத் தலைப்பில் அடங்காது. அடுத்த பதிப்புக்காவது ‘கேள்’ என்று குறித்து வையுங்கள்.

> நெல்லித்தோப்பு: பொத்தானில் ‘கேள்’ என்றிருந்தால் கேள்வி கேட்கச் சொல்கிறது என்றுதான் அமுக்குவார்கள் ஐயா.

> காலாப்பட்டு: பொத்தானில் ‘கேளாக்கு’ என்று வரும்.