அச்சான தாள் அதன்பின் எங்கே போகிறது? அச்சு முறைத் தேர்வில் பட்ட அனுபவங்கள்

அலுவலக நிர்வாகப் பிரிவில் இருப்பவர்

எங்கள் அலுவலகத்திற்கு 5,000 லெட்டர்ஹெட் அச்சடித்து வாங்கும் பொறுப்பு சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் வந்தது. படிகள் அதிகம் என்றால் ஆஃப்செட் (தகடு செய்து அச்சடிப்பது), குறைவு என்றால் டிஜிட்டல் (கணினிக் கோப்பிலிருந்து நேரடியாக அச்சடிப்பது) என்ற ஒற்றை வாய்ப்பாட்டை மட்டுமே அறிந்திருந்த நான், யோசிக்காமல் ஆஃப்செட்டில் அடிக்கச் சொன்னேன். வந்து சேர்ந்த தாள்களில் குறைசொல்ல ஒன்றுமில்லை. மேல் மூலையில் அடர்நீலச் சின்னம் கூர்மையாக, தாளுக்குத் தாள் நிறம் மாறாமல் இருந்தது. தொல்லை அடுத்த வாரம் தொடங்கியது. அந்தத் தாளை லேசர் பிரிண்டரில் வைத்துக் கடிதங்களை எடுத்தபோது, ஒவ்வொரு கடிதத்திலும் அதே சின்னம் சற்றுக் கீழே வெளிறிய நிழலாக இன்னொரு முறை விழுந்தது.

பிரிண்டரில்தான் பழுது என்று எண்ணிப் பழுதுபார்ப்பவரை அழைத்தோம். அவர் இயந்திரத்தைத் திறக்கும் முன்பே ஓர் அளவுகோலைக் கேட்டு வாங்கி, சின்னத்திற்கும் நிழலுக்கும் இடையே உள்ள தூரத்தை அளந்தார். பிரிண்டருக்குள் இருக்கும் சூடான உருளையின் சுற்றளவும் அந்தத் தூரமும் ஒன்றாக இருந்தன. டோனர் தூளைத் தாளில் உருக்கி ஒட்டவைக்கும் அந்த உருளை ஏறத்தாழ 200 டிகிரி செல்சியஸ் வரை சூடாகக்கூடியது. சாதாரண ஆஃப்செட் மை அந்தச் சூட்டில் இளகி உருளையில் ஒட்டிக்கொண்டு, உருளை ஒரு சுற்று சுற்றி வந்ததும் அதே தாளில் இறங்கிவிடுகிறது. லேசர் சூட்டைத் தாங்கும் மை தனியாக உண்டு என்பதும், அதைக் கேட்டு அடித்தாலும் நன்றாகக் காயவிட்ட பிறகே பயன்படுத்த வேண்டும் என்பதும் அவர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. அச்சகத்தார் என்னிடம் கேட்டது "எத்தனை தாள் வேண்டும்?" என்ற ஒன்றைத்தான். இந்தத் தாளை வைத்து என்ன செய்யப் போகிறீர்கள் என்று அவர் கேட்கவில்லை; நானும் சொல்லவில்லை. இப்படி எண்ணிக்கையை மட்டும் பார்த்து முறையைத் தேர்ந்து பின்னால் அல்லல்பட்டவர்கள் இருந்தால், தங்கள் அனுபவத்தை எழுத வேண்டுகிறேன்.

சிறு பதிப்பகம் நடத்துபவர்

எண்ணிக்கை வாய்ப்பாடு முழுப் பொய் இல்லை, ஐயா; பாதி உண்மை. நான் வெளியிட்ட முதல் நூல் 160 பக்கம், கறுப்பு மை மட்டும். 16 பக்கம் ஒரு ஃபாரம் என்று கணக்கிட்டால் பத்து ஃபாரம். ஒவ்வொன்றுக்கும் முன்புறம், பின்புறம் என்று மொத்தம் 20 பிளேட் (அச்சுத் தகடு). அதே நூல் நான்கு வண்ணத்தில் (சியான் நீலம், மஜெண்டா சிவப்பு, மஞ்சள், கறுப்பு) என்றால் 80 பிளேட் ஆகியிருக்கும். 100 படி அடித்தாலும் 3,000 படி அடித்தாலும் அந்தப் பிளேட்டுகளும், அவற்றை ஏற்றிச் சரிசெய்யும் உழைப்பும், அதில் வீணாகும் தாளும் குறைவதில்லை என்பதால், படிகள் கூடக்கூட ஒரு படியின் அடக்கவிலை இறங்கிக்கொண்டே வரும். அந்த இறக்கத்தைக் கண்டு மயங்கி, 300 போதும் என்ற இடத்தில் 1,000 அடித்தேன். நூல் வெளியான வாரத்திலேயே ஒரு வாசகர், நாற்பதாம் பக்கத்தில் இரண்டு பத்திகள் இடம் மாறியிருப்பதைச் சுட்டிக்காட்டினார். கையிருப்பில் இருந்த எண்ணூற்றுச் சொச்சம் படிகளிலும் உட்கார்ந்து திருத்தச் சீட்டு ஒட்டினேன். விற்காமல் கிடக்கும் படியின் அடக்கவிலையை என் கணக்கு எங்குமே சேர்த்துக்கொள்ளவில்லை.

அடுத்த நூலை டிஜிட்டலில் 200 படி மட்டும் அடித்தேன். டிஜிட்டலில் பிளேட் கிடையாது. முதல் படிக்கும் இருநூறாவது படிக்கும் பக்கத்துக்கு ஒரே கட்டணம்தான். பிழை தென்பட்டால் கோப்பைத் திருத்திவிட்டு அடுத்த 50 படிகளை அடித்துக்கொள்ளலாம். இந்த முறை சறுக்கியது அட்டையில். காகிதத்தின் இயல்பு தெரியட்டும் என்ற ஆசையில் லேமினேஷன் (மேலே மெல்லிய பிளாஸ்டிக் படலம் ஒட்டுவது) வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். அட்டை முழுவதும் கறுப்பு. பைண்டிங் முடிந்து வந்த படிகள் அனைத்திலும் முதுகின் இரு ஓரமும் வெடித்து, உள்ளிருந்த வெள்ளைக் காகிதம் கோடுகோடாகத் தெரிந்தது. ஆஃப்செட் மை காய்ந்தபின் ஒரு மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவுக்குத்தான் தாளின் மேல் நிற்கும். உலர் டோனரோ அதைப்போலப் பல மடங்கு தடிமனாக, உருகிய பிளாஸ்டிக் ஏடாகத் தாளின் மேல் படிகிறது. மடிக்கும்போது அந்த ஏடு முறிகிறது. இப்போதெல்லாம் டிஜிட்டல் அட்டை என்றால், முதுகு மடியும் இடத்தில் அடர்நிறம் வராதபடி வடிவமைப்பாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். அடர்நிறம் வேண்டியே தீரும் என்றால் லேமினேஷனும் கிரீஸிங்கும் (மடிக்கும் முன் மடிப்புக் கோட்டை அழுத்தித் தடம் போடுவது) கட்டாயம்.

ஆஃப்செட் இயந்திரம் ஓட்டுபவர்

இருபது ஆண்டுகளுக்கு மேலாக இந்த இயந்திரத்தின் பக்கத்தில் நிற்பவன் என்ற உரிமையில் பதிப்பக நண்பருக்கு ஒரு திருத்தம் சொல்கிறேன். அட்டை வெடித்ததற்கு டோனர் பாதிக் காரணம்தான். காகிதத்திற்கு நாரோட்டம், அதாவது நார்கள் படுத்திருக்கும் திசை, உண்டு. அதற்குக் குறுக்கே மடித்தால், ஆஃப்செட்டில் அடித்த தடித்த ஆர்ட் கார்டும் மேற்பூச்சோடு சேர்ந்து பிளக்கும். அட்டைத் தாளை வெட்டும்போது நாரோட்டம் முதுகுக்கு இணையாக அமைந்ததா என்று அடுத்த முறை கேட்டுப் பாருங்கள்.

ஆஃப்செட் பிளேட்டில் மேடும் பள்ளமும் இல்லை. எண்ணெயும் நீரும் ஒட்டாது என்பதை வைத்து, 1796இல் அலோய்ஸ் செனஃபெல்டர் சுண்ணாம்புக் கல்லில் தொடங்கிய முறைதான் இன்று அலுமினியத் தகட்டில் நடக்கிறது: எழுத்து உள்ள இடம் மையை ஏற்கும், வெற்றிடம் நீரை ஏற்று மையை விலக்கும். 1904 வாக்கில் அமெரிக்க அச்சுக்காரர் ஐரா ரூபெலின் இயந்திரத்தில் தாள் ஊட்டத் தவறியபோது, உருவம் ரப்பர் போர்த்திய உருளையில் பதிந்து அடுத்த தாளின் பின்புறத்தில் விழுந்தது. முன்புறத்தில் நேரடியாக விழுந்ததைக் காட்டிலும் அதுவே தெளிவாக இருந்தது. தாளின் மேடுபள்ளத்திற்கு ரப்பர் வளைந்து கொடுப்பதுதான் அதற்குக் காரணம். இத்தனை தாள் வீணாகிறதே என்று அலுத்துக்கொள்ளும் வாடிக்கையாளரிடம், தவறிப்போன ஒரு தாளில் பிறந்த தொழில் ஐயா இது என்று நான் சொல்வதுண்டு, அவர்கள் சிரிப்பதில்லை. ஆனால் நீரும் மையும் சமநிலைக்கு வந்து, நான்கு வண்ணமும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும் வரை தாள் போய்க்கொண்டுதான் இருக்கும். அந்த நிலைக்கு வந்துவிட்டால், பிறகு ஆயிரக்கணக்கில் ஒரே நிறமாக ஓடும்.

என் அனுபவத்தில் எண்ணிக்கையைவிட அதிகம் கெடுத்தது அவசரம். ஒருவர் மேட் ஆர்ட் பேப்பரில், பக்கம் முழுவதும் அடர்நீலம் வரும்படி ஒரு மடிப்பிதழ் கேட்டார். சில நூறு படிகள், மறுநாள் காலையில் கையில் வேண்டும். ஆஃப்செட் மை காற்றோடு வினைபுரிந்து மெல்ல இறுகுவது, மேட் பூச்சுள்ள தாளில் அது இன்னும் தாமதமாகும், தொட்டால் காய்ந்ததுபோல் இருக்கும் ஆனால் தேய்த்தால் வரும் என்று எவ்வளவோ எடுத்துச் சொன்னோம். இரவோடு இரவாக வெட்டி மடித்ததில், நீலம் எதிர்ப்பக்கத்தின் வெள்ளையில் எல்லாம் ஈஷிக்கொண்டது. டோனர் சூடு ஆறினால் அப்போதே வெட்டலாம். அந்த வேலை டிஜிட்டலுக்கே போயிருக்க வேண்டியது. கை நழுவிப் போகும் வேலையை விட மனம் வராமல் நாங்களே ஏற்றுக்கொண்டோம் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

இன்னொன்றைச் சொல்லாமல் விட மனமில்லை. நான்கு வண்ணமும் கலந்த பழுப்பு நிறத்தில் எட்டுப் புள்ளி எழுத்து அமைத்துக் கொண்டுவருகிறார்கள். ஒரு வண்ணம் மயிரிழை விலகினாலும் 'ண', 'ஞ', 'ணை' போன்ற எழுத்துகளின் சுழிக்குள் வேறு நிறம் புகுந்து, எழுத்தே மங்கிவிடும். அடர்நிறப் பின்னணியில் வெள்ளை எழுத்து என்றால் இன்னும் மோசம், சுழிகள் அடைந்தே போகும். கணினித் திரையில் வெறும் கறுப்பாகத் தெரியும் எழுத்தைக்கூடச் சில மென்பொருள்கள் நான்கு வண்ணமாகப் பிரித்து அனுப்பிவிடுகின்றன. சிறிய எழுத்து ஒற்றை மையில் இருக்கட்டும். நிறுவனத்தின் நிறம் ஒவ்வொரு முறையும் பிசகாமல் வர வேண்டும் என்றால், அதற்கென்று தனியாகக் கலந்த மையை இயந்திரத்தின் ஒரு யூனிட்டில் (ஒரு நிறத்தை அடிக்கும் பகுதி) ஏற்றச் சொல்லுங்கள். பளிச்சென்ற ஆரஞ்சைப் போன்ற நிறங்கள் நான்கு வண்ணக் கலவையில் எவ்வளவு முயன்றாலும் சற்று மங்கித்தான் விழும்.

சலவைத்தூள் பொட்டலமிட்டு விற்பவர்

மேலே எழுதியவர்கள் அனைவரும் தாளைப் பற்றியே பேசுகிறார்கள்; என் பாடு பிளாஸ்டிக் உறையிலும் அட்டைப்பெட்டியிலும். உறைக்குக் கிராவியூர்தான் சிறந்தது என்று கேள்விப்பட்டு நேரே அதற்குப் போனேன். அதில் ஒவ்வொரு நிறத்திற்கும் ஓர் உருளை. எஃகு உருளையின் மேல் தாமிரம் பூசி, அதில் நுண்ணிய குழிகளைச் செதுக்கி, மேலே குரோமியம் பூசுவார்கள். குழிகளில் நிற்கும் மைதான் உறையில் இறங்குகிறது. இலட்சக்கணக்கில் ஓடினாலும் உருளை தேய்வதில்லை, படங்கள் அத்தனை செழிப்பாக விழும். ஆனால் உருளைகள் தயாரான மறுமாதமே பின்பக்க விவரத்தில் இரண்டு வரிகளை மாற்ற வேண்டி வந்தது. பிளேட் என்றால் ஒன்றைத் தூக்கிப் போட்டுவிடலாம். உருளையைச் செதுக்கியது செதுக்கியதுதான், அந்த நிறத்திற்குப் புதிதாகச் செய்ய வேண்டும். வாசகமே உறுதியாகாத பொருளுக்கு முதலில் டிஜிட்டலில் அடித்த ஒட்டுச் சீட்டோடு சந்தைக்குப் போயிருக்க வேண்டும். கிராவியூரில் எழுத்தும் குழிகளாகவே செதுக்கப்படுவதால், பொடி எழுத்தின் விளிம்பு உருப்பெருக்கியில் ரம்பப் பல் போலத் தெரியும் என்பதையும் அப்போதுதான் கண்டேன்.

பெட்டிக்கு ஃப்ளெக்ஸோ, அதாவது ரப்பர் முத்திரையைப் போல மேடாக இருக்கும் பாலிமர் பிளேட். நெளியட்டையை நசுக்காமல் அச்சடிக்க அதுவே பொருத்தம் என்றாலும், உள்ளே இருக்கும் நெளிவு மேலே வரிவரியாகத் தெரியும், எழுத்தின் ஓரம் சற்றுப் பிதுங்கும். பிளேட்டை உருளையில் வளைத்து ஒட்டும்போது அது ஓடும் திசையில் நீளும். அந்த நீட்சியைக் கணக்கிட்டுத்தான் படத்தைக் குறுக்குவார்கள். இதை அறியாமல் பார்கோடை எப்படி வைத்தால் அழகு என்று பார்த்து, கோடுகள் ஓட்டத்திற்குக் குறுக்கே கிடக்கும்படி வைத்தோம். அச்சில் ஏற்பட்ட இழுவையில் கோடுகள் தடித்து இடைவெளிகள் அடைந்தன. ஓட்டத்தின் திசையிலேயே கோடுகள் நீண்டிருந்தால், பிளேட் நீண்டாலும் கோட்டின் அகலம் மாறாது. இது போதாதென்று, பெட்டியின் நிறத்தோடு ஒத்துப்போகட்டும் என்று கோடுகளைச் சிவப்பில் அடித்தோம். பார்கோடு படிக்கும் கருவிகள் பெரும்பாலும் சிவப்பு ஒளியைத்தான் வீசுகின்றன. அந்த ஒளியில் சிவப்புக் கோடும் வெள்ளைத் தளமும் ஒன்றாகவே தெரியும். நம் கண்ணுக்கு எடுப்பாகத் தெரிந்த கோடு, கருவிக்கு இல்லவே இல்லை. பொருள்களில் இருக்கும் 13 இலக்க பார்கோடின் இயல்பான அகலம், இருபுற வெற்றிடத்தையும் சேர்த்து 37.29 மி.மீ.; அதை 80 விழுக்காட்டுக்குக் கீழே குறுக்கக் கூடாது என்பது விதி. நெளியட்டையில் நேரடியாக அடிக்கும்போது குறுக்குவதை நினைத்தே பார்க்கக் கூடாது.

துணியில் அச்சிடுபவர்

சுருக்கமாகச் சொல்கிறேன். அடர்நிறப் பருத்திச் சட்டையில் வெள்ளை எழுத்து எடுப்பாக நிற்க, இன்றும் ஸ்கிரீன் பிரிண்டிங்கை, அதாவது சட்டத்தில் இழுத்துக் கட்டிய வலைத்துணி வழியே மையை இறக்கும் முறையை, நம்புகிறேன். மை அவ்வளவு கனமாக இறங்கும். ஒருமுறை அவசரத்தில் சட்டைகளைச் சூட்டு இயந்திரத்தில் வேகமாக ஓடவிட்டேன். பிளாஸ்டிசால் என்ற பிளாஸ்டிக் வகை மை பொதுவாக 160 டிகிரி அளவுக்கு, மேற்பரப்பு மட்டுமல்லாமல் அடி வரை சூடேற வேண்டும். மேலே தொட்டால் காய்ந்திருந்த எழுத்து இரண்டாவது சலவையில் பாளம்பாளமாக வெடித்தது. ஒவ்வொரு சட்டையிலும் வேறு வேறு பெயர் வேண்டும் என்பவர்களுக்கு நான் ஸ்கிரீனைச் சொல்வதே இல்லை. பெயருக்கு ஒரு சட்டம் செய்து கட்டுப்படியாகாது. சப்ளிமேஷன் (சூட்டில் சாயத்தை ஆவியாக்கித் துணியில் ஏற்றுவது) கேட்டு வருகிறவர்களிடம் முதலில் துணியைத் தொட்டுப் பார்க்கிறேன். வெளிர்நிறப் பாலியெஸ்டர் இல்லையென்றால் திருப்பி அனுப்பிவிடுகிறேன்.

பயிற்சி வகுப்புகள் நடத்துபவர்

நாங்கள் இரண்டு முறைகளையும் சேர்த்தே பயன்படுத்துகிறோம். சான்றிதழின் வண்ணச் சட்டகத்தை ஆஃப்செட்டில் மூன்று ஆண்டுகளுக்குப் போதுமான 1,200 தாள் அடித்து வைத்துக்கொண்டு, ஒவ்வோர் ஆண்டும் 400 பேரின் பெயரை மட்டும் டிஜிட்டலில் ஏற்றுகிறோம். நிர்வாகப் பிரிவு நண்பர் பட்ட தொல்லை எங்களுக்கு வரவில்லை. பின்னால் டோனர் ஏறப்போகிறது என்று சொல்லியிருந்ததால் அச்சகத்தாரே அதற்கு ஏற்ற மையைத் தேர்ந்தார். நாங்கள் சொல்ல மறந்தது வேறு. பளபளப்பான ஆர்ட் பேப்பரில் பேனா மை உள்ளிறங்கவில்லை. தலைமை விருந்தினர் கையெழுத்திட்டு ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய நாற்பது சான்றிதழ்களிலும் அவருடைய கையெழுத்து மேல்தாளின் முதுகில் பதிந்திருந்தது. பூச்சில்லாத தாளைக் கேட்டிருக்க வேண்டும்.

அலுவலக நிர்வாகப் பிரிவில் இருப்பவர்

எழுதிய அனைவருக்கும் நன்றி. பழைய லெட்டர்ஹெட்டில் மூவாயிரத்துக்கு மேல் மீதம் இருந்ததால், அவற்றைத் தீர்ப்பதற்காகவே சூடான உருளை இல்லாத ஓர் இன்க்ஜெட் பிரிண்டரை ஒதுக்கினோம். அடுத்த முறை லேசருக்கு ஏற்ற மையை ஆணைக் கடிதத்திலேயே குறிப்பிட்டு, காய்ந்த தாள்களில் 50ஐ முதலில் வாங்கி எங்கள் பிரிண்டரில் இடைவிடாமல் ஓட்டிப் பார்த்தேன், நிழல் விழவில்லை. இப்போது எங்கள் மேலாளர், சின்னம் விரலுக்குத் தட்டுப்படும்படி மேலெழும்பிய பளபளப்பு எழுத்தில் லெட்டர்ஹெட் வேண்டும் என்கிறார். ஈரமான மையின் மேல் பிசின் தூளைத் தூவிச் சூட்டில் உருக்கித்தான் அந்தப் பளபளப்பையே வரவழைக்கிறார்கள் என்பதால், அந்தத் தாள் நம் பிரிண்டருக்குள் போனால் என்ன ஆகும் என்று பழைய நிழல் விழுந்த கடிதம் ஒன்றை மேசைமேல் வைத்து அவருக்கு விளக்கிக்கொண்டிருக்கிறேன்.