வாட்ச் காட்டிய 10 கிலோமீட்டர்

விடியல்ஓட்டம்
நாலு மாதமாக மரங்கள் அடர்ந்த பாதையில்தான் பயிற்சி, கையில் கட்டிய ஜிபிஎஸ் வாட்ச் 10 கிலோமீட்டர் என்று அடித்ததும் நிறுத்திவிடுவேன். போன வாரம் முதல்முறையாக ட்ராக்கில், முதல் லேனிலேயே, 25 சுற்று ஓடப் போனேன். 24 சுற்று முடித்து வளைவுக்குள் நுழையும்போதே வாட்ச் 10 கிலோமீட்டர் என்று அடித்துவிட்டது. எனக்கு இன்னும் 300 மீட்டருக்கு மேல் பாக்கி! வீட்டுக்கு வந்து வரைபடத்தைத் திறந்தால், நான் ஓடிய கோடு புல்தரைக்குள்ளும் பார்வையாளர் படிக்கட்டின் மேலும் போயிருக்கிறது. அப்படியானால் மரத்தடியில் ஓடிய 10 எல்லாம் எவ்வளவு? அந்த நேரங்களை நம்பித்தான் போட்டிக்கு வேகம் குறித்து வைத்திருக்கிறேன்.

நாலாம்லேன்
வாட்ச்சைக் குற்றம் சொல்லும் முன் எந்த லேனில் ஓடினீர்கள் என்று பாருங்கள். 400 மீட்டர் என்பது முதல் லேனில், உள்விளிம்பிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி அளந்த கணக்கு. வெளியே போகப் போக லேனுக்கு ஏழு மீட்டருக்கு மேல் கூடும், எட்டாவது லேனில் ஒரு சுற்று சுமார் 453 மீட்டர். நான் நாலாவது லேனில் வாரக்கணக்கில் ஓடிவிட்டு, நேரம் குறையவே இல்லையே என்று நொந்துபோயிருந்தேன். பயிற்சியாளர் ஒன்றும் விளக்கவில்லை, லேனுக்கு லேன் முன்னால் தள்ளிப் போட்டிருந்த தொடக்கக் கோடுகளைக் கை காட்டினார், அவ்வளவுதான். அத்தனை நாளும் அந்தக் கோடுகளைத் தாண்டித்தான் ஓடியிருக்கிறேன். பத்துச் சுற்றுக்கு 220 மீட்டர் கூடுதல்.

கடைசிவளைவு
முதல் லேன் என்று அவர் தெளிவாகவே எழுதியிருக்கிறாரே, படித்துவிட்டுப் பதில் போடலாம். எனக்கு இது மாரத்தானில் நடந்தது. வாட்ச்சில் முழுத் தூரமான 42.2 கிலோமீட்டர் வந்துவிட்டது, முடிவுக் கோடு கண்ணுக்கே தெரியவில்லை. தண்ணீர் நீட்டிய பெண்ணிடம் "தப்பா அளந்து வச்சிருக்கீங்க" என்று கத்திவிட்டேன். அப்புறம்தான் தெரிந்தது, சாலையை ஓடக்கூடிய மிகக் குறுகிய கோட்டில்தான் அளப்பார்கள், குறைந்துவிடக் கூடாது என்று கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் கூட்டியும் வைப்பார்கள். மாரத்தானுக்கு அது 42 மீட்டர்தான். மீதியெல்லாம் வளைவுகளில் வெளிப்பக்கமாகவே நான் ஓடியதும், கூட்டத்தில் விலகி விலகிப் போனதும், வாட்ச்சின் பிழையும். அந்தப் பெண்ணின் முகம் இன்னும் உறுத்துகிறது.

சக்கரக்கணக்கு
வாட்ச் பேச்சே வேண்டாம், சைக்கிளை எடுங்கள். சாலைப் போட்டிகளையே முன்சக்கரத்தில் சுற்றுகளை எண்ணும் கருவி பொருத்திய சைக்கிளில்தான் அளக்கிறார்கள். முன்சக்கரத்தில் காற்றடிக்கும் வால்வை நேர் கீழே வைத்துத் தரையில் சாக்பீஸ் கோடு போடுங்கள், சீட்டில் உட்கார்ந்தபடியே பத்துச் சுற்று உருட்டுங்கள் (ஆள் ஏறினால் டயர் அமுங்கும், தள்ளிக்கொண்டு போனால் கணக்கு மாறும்), அந்த நீளத்தை ஸ்டீல் டேப்பால் அளந்து பத்தால் வகுங்கள். 2.1 மீட்டர் சுற்றளவுள்ள சக்கரத்தில் ஒரு சென்டிமீட்டர் பிசகினால் 10 கிலோமீட்டரில் கிட்டத்தட்ட 48 மீட்டர் போய்விடும். 300 மீட்டருக்கு டேப் போட்டுச் சரிபார்த்தால் இன்னும் நல்லது, துணி டேப் வேண்டாம், இழுத்தால் நீளும். அளக்கும் முன் ஒரு தடவை, அளந்த பிறகு ஒரு தடவை சரிபாருங்கள். ஒரே 2 கிலோமீட்டரைக் காலையிலும் மதிய வெயிலிலும் அளந்தேன், மதியம் சக்கரம் ஒன்றரைச் சுற்று குறைவாகச் சுற்றியிருந்தது. டயர் சூட்டில் உப்பியிருந்தது.

விடியல்ஓட்டம்
எல்லோருக்கும் நன்றி. சைக்கிள் இரவல் வாங்கி நேற்று விடியற்காலையில் மரப்பாதையை அளந்தேன், இரண்டு தடவை. பாதையில் ஒரு சுற்று இரண்டரை கிலோமீட்டர் என்று வைத்திருந்தேன், 2.41தான். நாலு சுற்றுக்கு 9.64. பத்தை 55 நிமிடத்தில் ஓடிவிட்டேன் என்று வீட்டில் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். அதை நான் இன்னும் ஓடவில்லை. போட்டிக்கு ஐந்து வாரம் இருக்கிறது.