டிவி நிருபராக இருந்து எம்.எல்.ஏ. ஆன அக்கா: சென்னையில் பழகியவர்கள் சொல்லுங்கள்

ஒளிப்பதிவாளர், வடபழனி:

செய்தி சேனலில் அவங்களோடு ஆறு வருஷம் ஓடினவன் நான். இப்போ அவங்க டெல்டா பக்கம் ஒரு தொகுதிக்கு எம்.எல்.ஏ. பேர் வேண்டாம், தெரிஞ்சவங்களுக்குத் தெரியும். என் அனுபவத்தை முதல்ல சொல்லிடறேன்.

2015 டிசம்பர் 2, காலை. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறந்துவிட்டு, சைதாப்பேட்டைக் கரையில் அடையாறு வீடுகளுக்குள்ளேயே ஓடிக்கிட்டிருந்தது. செல்போன் டவர் செத்துப்போச்சு. எடுத்ததை மெமரி கார்டோடு பைக்கில் ஆபீசுக்கு அனுப்பிக்கிட்டிருந்தோம். நாங்க நின்னது மறைமலையடிகள் பாலத்துக்குப் பக்கம்.

ஷாட்டுக்கு முன்னாடி ஒயிட் பேலன்ஸ், அதாவது கேமராவில் நிறம் சரியா வருதான்னு பார்க்க ஒரு வெள்ளைத் தாள் வேணும். அவங்க எப்பவும் தன் நீள நோட்டைப் பிரிச்சுக் காட்டுவாங்க. அன்னைக்குக் காட்டின பக்கம் வெள்ளையா இல்லை, மை கரைஞ்சு ஊதாவா இருந்தது. பக்கம் முழுக்கப் பேர்கள். மைக்கை நீட்டுறதுக்கு முன்னாடி "இனிஷியல் என்னம்மா?"ன்னு கேட்டு எழுதிக்குவாங்க. இடுப்பளவு தண்ணியில நிக்கிறவங்ககிட்டப் போய் இனிஷியலான்னு எனக்கு எரிச்சல். "பேர் இல்லாம போட்டா நாளைக்கு இவங்களைத் தேடி யாரு வருவா அண்ணா?"ன்னாங்க. அப்படியும் ஆபீஸ் நியூஸ் டெஸ்க்கில் ஒருத்தங்க பேரைத் தூக்கிட்டு, "பாதிக்கப்பட்ட பெண்"ணுன்னு ஆஸ்டன் (திரையில் பேட்டிக்குக் கீழே வர்ற எழுத்து) போட்டுட்டாங்க. ராத்திரி ஈரப் புடவையோடவே போய்ச் சண்டை போட்டாங்க.

2021-ல் ஜெயிச்ச பிறகு, கூட்டத்தொடர் சமயம், ஓமந்தூரார் தோட்டத்து எம்.எல்.ஏ. விடுதிக்குப் பார்க்கப் போனேன். மேஜை நிறைய சால்வை. நடுவில் அதே மாதிரி ஒரு நீள நோட்டு. பேச வந்ததை மறந்துட்டு நின்னேன்.

நிருபர், சேப்பாக்கம்:

எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர். "பைட் வாங்காம திரும்பி வராதே" என்பார்; பைட் என்றால் கேமரா முன் ஒருவர் சொல்லும் பதில். 2022 ஜனவரியில் சட்டமன்றக் கேள்வி நேரத்தை நேரலையில் காட்டத் தொடங்கிய பிறகு, ஒருநாள் அவர் துணைக்கேள்வி கேட்டதைப் பார்த்தேன். பாராட்டு இல்லை, கவிதை இல்லை, ஒரே வரி: எந்த மாதம் முடியும்? அமைச்சர் மாதத்தைச் சொல்லித்தான் உட்கார முடிந்தது. பக்கத்தில் இருந்தவர்களிடமெல்லாம் "எங்க அக்கா" என்று சொல்லிக்கொண்டேன்.

வருத்தத்தையும் எழுதிவிடுகிறேன். அவருடைய கட்சிக்கு நெருடலான ஒரு விஷயம் ஓடிக்கொண்டிருந்தது. கோட்டையில் அவர் வெளியே வரும்போது மைக்கை நீட்டினேன். "தலைமை சொல்லும்ப்பா" என்று தோளைத் தட்டிவிட்டுக் காரில் ஏறிவிட்டார். கட்சிக் கொறடாவின் உத்தரவை மீறினால் பதவியே போகலாம், அரசியல் சட்டத்தின் 10-வது அட்டவணை அதைத்தான் சொல்கிறது. ஆனால் அது அவையில் போடும் ஓட்டுக்கு. வாசலில் நிற்கும் நிருபருக்குப் பதில் சொல்லக்கூடாது என்று எந்த அட்டவணையிலும் இல்லை. மற்றவர்கள் அப்படிப் போனால் எனக்கு வலித்திருக்காது. அன்றைக்கு பைட் இல்லாமல் திரும்பினேன்.

ஐ.டி. ஊழியர், துரைப்பாக்கம்:

நான் அவங்க தொகுதிக்காரன். கேரளாவில் டிவியிலிருந்து வந்த வீணா ஜார்ஜ் 2016-ல் ஆரன்முளாவில் ஜெயிச்சு, 2021-ல் சுகாதார அமைச்சரே ஆயிட்டாங்க. நம்ம பக்கம் அப்படி அதிகம் பேர் இல்லை. டிவி முகமாச்சே, ஜெயிச்சா ஊர்ப்பக்கம் வருவாங்களான்னு சந்தேகத்தோடதான் ஓட்டுப் போட்டேன். வர்றாங்க. எங்க ஊர் ரேஷன் கடைக்குக் கட்டடம் வந்தது.

பெரும்பாக்கத்திலிருந்து:

அம்மா சொல்லச் சொல்ல நான் டைப் பண்றேன். கேமரா அண்ணன் சொன்ன அந்தப் "பாதிக்கப்பட்ட பெண்" எங்க அம்மாவாத்தான் இருக்கணும். அன்னைக்கு அந்தப் பாலத்துக்கிட்டதான் பேட்டி கொடுத்தாங்க.

வெள்ளத்துக்கு அப்புறம் எங்களை இங்க அடுக்குமாடிக்கு மாத்துனாங்க. நாங்க ஆறாவது மாடி. பாட்டிக்குப் பக்கவாதம். ஒரு தடவை லிப்ட் நின்னு நாலு மாசம் ஓடலை. ஆஸ்பத்திரிக்குப் போகணும்னா பாட்டியை பிளாஸ்டிக் சேர்ல உட்கார வச்சு, துண்டால கட்டி, ரெண்டு பேர் தூக்குவோம். ஒவ்வொரு திருப்பத்துலயும் சேர் கால் சுவத்துல இடிக்கும், பாட்டி கண்ணை மூடிக்கும்.

எங்க போய்ச் சொல்றதுன்னு தெரியாம, டிவியில பார்த்த முகத்தை நம்பி அம்மா அந்த விடுதிக்குப் போனாங்க. அக்கா முதல்லயே சொல்லிட்டாங்களாம்: "இது சோழிங்கநல்லூர் தொகுதிம்மா. எனக்கு வர்றது வருஷத்துக்கு 3 கோடி தொகுதி நிதி. அதுல உங்க பிளாக்குக்கு ஒரு பல்பு கூட வாங்கித் தர முடியாது. லெட்டர்தான் எழுதலாம்." அப்புறம் நோட்டைப் பிரிச்சு, "இனிஷியல் என்னம்மா?"ன்னு கேட்டாங்களாம். அம்மா சொன்னதும், "மு-வா, மூ-வா?"ன்னு திரும்பக் கேட்டாங்களாம்.

மூணு வாரத்துல லிப்ட் ஓடுச்சு. ரெண்டு மாசத்துல மறுபடி நின்னுச்சு. அப்புறம் ஓடும், நிக்கும். பாட்டி போன வருஷம் தவறிட்டாங்க.

அந்த லெட்டர் நகலை அம்மா ரேஷன் கார்டு கவர்லயே வச்சிருக்காங்க. டைப் பண்றதுக்கு முன்னாடி எடுத்துக் காட்டினாங்க. அம்மா பேரு முழுசா இருக்கு. முன்னால மூ, நெடில்.